மட்கார்டில் எழுதியிருந்த கடவுச்சொல்

2014 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். கத்திரி முடிந்திருந்தது, வெயில் முடியவில்லை. குவார்ட்டர்ஸ் வாசல் வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு மணமகள் தேவைப்பட்டாள்.

விஷயம் எனக்குத் தெரியாது. டவுன்ஷிப்புக்கே தெரிந்திருந்தது.

என் மனைவி சரோஜா போய் அப்போது பதினோரு மாதம். அடுத்த மாதம் தலைத்திவசம். ஹைதராபாத்தில் இருக்கும் என் ஒரே மகன் செந்தில், அம்மா இல்லாத வீட்டுக்குள் கால் வைக்கவே பயப்பட்டான். கெஞ்சிக் கெஞ்சி வரச் சம்மதிக்க வைத்திருந்தேன். என் பேத்தியின் படங்களை அவன் முகநூலில் போடுவான் என்பதால், அவற்றைப் பார்ப்பதற்காகவே மார்க்கெட் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் நானும் ஒரு கணக்கு திறந்தேன்.

"உங்களுக்கு மறக்காத ஒண்ணை பாஸ்வேர்டா வைங்க சார்" என்றார் சென்டர்காரர்.

முப்பத்து நான்கு வருட சர்வீஸில் எனக்கு மறக்காதது ஒன்றுதான்: எம்ப்ளாயி நம்பர். அதையே வைத்தேன். (ஆஸ்பத்திரிச் சீட்டு, டிபன் கேரியர், ஹெல்மெட், சைக்கிள் மட்கார்டு எல்லாவற்றிலும் அந்த நம்பரை எழுதி வைத்திருப்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. ஒரே பெயரில் பத்து கோவிந்தராஜ் இருக்கும் ஊரில் நம்பர்தான் ஆள்.) அன்றிரவே மகனுக்கு போன் போட்டுப் பெருமையடித்தேன்: "என் கணக்குல யாரும் நுழைய முடியாது. ஸ்டோர்ஸ்ல பூட்டுப் போட்டே பழகினவன்டா நான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான்.

"என்னப்பா இது?"

"எதுப்பா?"

"'மணமகள் தேவை. வயது ஐம்பத்தொன்பது. பர்மனென்ட் வேலை. சர்க்கரை உண்டு, கொழுப்பு உண்டு. சமையல் தெரிந்தால் போதும்.' நீங்க போட்டதுதானே?"

"நான் போடலப்பா! எவனோ உள்ள பூந்து…"

"நுழையவே முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" அடுத்து குரலைத் தாழ்த்திக் கேட்டான். "சமையல் தெரிஞ்சா போதுமாப்பா? அம்மா அவ்வளவுதானா?"

போனை வைத்துவிட்டான்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு சென்டருக்கு ஓடினேன். திரையில் என் படம். அதற்குக் கீழே நாற்பத்தொரு லைக். "அண்ணே, பல்செட்டு சேத்தா, தனியா?" என்று ஒருவர். "ஜாதகம் அனுப்பவும்" என்று எங்கள் செக்‌ஷன் சூப்பர்வைசர். (வயதில் மூன்று மாதம் கூட்டிப் போட்டிருந்தார்கள். அந்த நிலையிலும் எனக்கு அது உறுத்தியது.)

மறுநாள் ஷிப்ட் பஸ்ஸில் தண்டபாணி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். கம்மாபுரத்துக்காரன், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன்.

"யோவ் கோவிந்து, பொண்ணு எதுனா அமைஞ்சுதா?"

எனக்குப் புரிந்துவிட்டது. "எப்படிய்யா உள்ள போன?"

"உன் போன் நம்பரு போட்டேன், எம்ப்ளாயி நம்பரு போட்டேன், தொறந்துகிச்சு. நம்ம ஊர்ல வேற இன்னாத்த வெப்பாங்க? நானும் அதான் வெச்சுக்கினு இருக்கேன்."

பஸ்ஸே சிரித்தது. நான் செந்தில் கேட்டதை அப்படியே சொன்னேன். தண்டபாணியின் முகம் வாடிவிட்டது. இறங்கும்போது சொன்னான்: "வூட்ல ஒண்டியா ஒக்காந்துக்கினு இருக்கியே, ஒரு நாளாவது சிரிப்பியேன்னு பண்ணேன்யா. புள்ள பாப்பான்னு தோணல."

அவனே செந்திலுக்குப் பல தடவை போன் போட்டான். செந்தில் எடுக்கவில்லை. நானும் போட்டேன். முகநூலில் என்னை நீக்கியிருந்தான். பேத்தியின் படங்கள் எதுவும் தெரியவில்லை. திவசத்துக்கு வருவானா என்று தெரியாமலே புரோகிதரிடம் நாள் சொன்னேன்.

வந்தான். விடியற்காலை ஒரு பையோடு தனியாக வந்து, குளித்து, பிண்டம் வைத்தான். வாசலில் தண்டபாணி கைகட்டி நின்றான்.

"தம்பி, அது நான் பண்ண கூத்துப்பா. ஒங்கப்பாவுக்கு அந்தப் பொட்டிய ஆன் பண்ணக்கூடத் தெரியாது."

"தெரியும் மாமா. அப்புறம் யோசிச்சப்போ புரிஞ்சுது. அப்பா எழுதியிருந்தா சரியான வயசைப் போட்டிருப்பார்."

தண்டபாணி சிரித்துவிட்டான், நானும். ஒரு வருடம் கழித்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கிளம்பும்போது செந்தில் ஹாலில் நின்றான். சுவரிலிருந்த சரோஜாவின் படத்தைக் கழற்றி, துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

"இது என்கிட்ட இருக்கட்டும்பா."

புரிந்துகொண்டவன்தான். ஆனால் அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டானே.

இப்போது எல்லோரும் பேசிக்கொள்கிறோம். விசேஷத்துக்கு விசேஷம் பேத்தி, "தாத்தா, பொண்ணு கிடைச்சுதா?" என்று கேட்பாள், செந்திலும் சேர்ந்து சிரிப்பான். படத்தைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் கேட்டதில்லை. என்னிடம் மிஞ்சியது ஒரு கல்யாண வீட்டு குரூப் போட்டோ. அதில் சரோஜா பந்தியில் யாருக்கோ சாதம் போட்டுக்கொண்டு, பாதி திரும்பி நிற்கிறாள். வடலூர் ஸ்டுடியோவில் அவளை மட்டும் பிரித்தெடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டதற்கு அறுநூற்று எண்பது ரூபாய்.