ஹாலில் ஒரு பதினைந்து ஆம்ப் பிளக்

திருவண்ணாமலையில் எமனுக்குப் பயப்படாதவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மலையைப் பார்த்தபடியே கண்ணை மூட வேண்டும் என்று எங்கிருந்தோ வந்து செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களே பாதிப் பேர். ஆனால் ஐஸ்பெட்டிக்குப் பயப்படாத ஒரே ஒரு ஆளை இந்த ஊரில் காட்டிவிடுங்கள், நான் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

ஐஸ்பெட்டி என்றால் பெட்டி இல்லை, ஆள். துபாயிலிருந்து மகன் வந்து சேரும்வரை இறந்தவரைக் கெடாமல் வைத்திருக்கிறார்களே, கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி, அதை வாடகைக்கு விடுகிறவர். பேகோபுரத் தெருவில் கடை. கூடவே ஷாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சத்தமே வராத நடை. நாள் முழுக்க ஈரத்துணியால் பெட்டியைத் துடைக்கிற கை என்பதால், தொட்டால் சில்லென்று இருக்கும். வேறு யாராவது "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் அது விசாரிப்பு. அவர் கேட்டால் கடையில் சரக்கு இருப்பு எடுக்கிற மாதிரி இருக்கும். காய்கறிக் கடையில் அவர் அப்படிக் கேட்டுவிட்டார் என்பதற்காக, வாங்கிய கத்தரிக்காயைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஈ.சி.ஜி. எடுக்க ஓடிய மனிதரை எனக்குத் தெரியும். அவர் நம்பரை அவர் பெயரில் யாரும் ஃபோனில் ஏற்றவில்லை. என் மனைவி சாந்தாவின் ஃபோனில் அவர் "நாற்காலி". எதிர் வீட்டில் "வேண்டாம்".

இன்னொன்று. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது. இருபது வருஷம் அந்த வீடுகளிலேயே புழங்கிப் புழங்கி, அவருக்கு அந்த வார்த்தையே மறந்துபோய்விட்டது. டீக்கடையில் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார். கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பினால் ஆள் இருக்கமாட்டார். அவரையும் யாரும் எங்கும் "வாங்க" என்று சொன்னதில்லை.

என் புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு நாற்காலி சொல்ல ஒரு அக்னி நட்சத்திர மத்தியானம் அவர் கடைக்குப் போனேன். தெருவில் ஈ காக்கை இல்லை. கடைக்குள்ளும் யாருமில்லை. இருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று மட்டும் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே அவரேதான், நெஞ்சில் கை கோத்துக்கொண்டு, கண் மூடிப் படுத்திருந்தார். மூடியில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டை கொடுத்திருந்ததைப் பார்க்கிற நிதானம் எனக்கு இல்லை. ஓடலாமா, ஊரைக் கூப்பிடலாமா என்று நான் நிற்கும்போது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திறந்தார்.

"யாருக்கு சார்?" என்றார், ரொம்ப மெதுவாக.

"நா... நாற்காலிக்கு" என்றேன்.

"வெயிலு தாங்கல சார். அதான் செத்த படுத்துகினேன். அந்தப் பெட்டி காலியாதான் கீது. நீங்களும் ஒரு அஞ்சி நிமிஷம் படுக்கிறீங்களா?"

கிரகப்பிரவேசத்தன்று அவரே வண்டியில் நாற்காலி கொண்டுவந்து இறக்கினார். நான் வாசலில் சந்தனப் பேலாவோடு நின்று, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் "வாங்க வாங்க" போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேகத்தில் அவருக்கும், "வாங்க, உள்ள வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். மனுஷர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கால் கழுவிக்கொண்டு, கூச்சத்தோடு உள்ளே வந்தார். ஹாலில் கூட்டம் தானாக விலகி வழி விட்டது. அவர் சுவரை நான்கு பக்கமும் பார்த்தார். நிலைவாசலின் அகலத்தைப் பார்த்தார். பிறகு நல்ல எண்ணத்தோடுதான், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்:

"சார், ஹால்ல ஒரு பதினஞ்சி ஆம்ப் பிளக் வக்கலியா? அப்பால அவசரத்துக்கு ஒயரு இழுக்க கஷ்டமா பூடும்."

நாதஸ்வரம் நின்றுபோனது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நின்றது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் வீடு கட்டிய ஒருவரும் ஹாலில் அந்த பிளக் வைக்கவில்லை. ஏசி இல்லாவிட்டால் போகிறது, வேர்த்து ஊற்றட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மே மாதம் எனக்கு நெஞ்சுவலி வந்தது. வேலூருக்குக் கொண்டுபோய், குழாய் விட்டு அடைப்பு எடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். "அன்னிக்கு அவர வாங்கன்னு சொன்னீங்களே, அதான்" என்றாள் சாந்தா.

வீட்டுக்கு வந்த மறுநாள், மாலை நாலு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், எதிர்ச் சாரி வேப்பமரத்தடியில் ஐஸ்பெட்டி நிற்கிறார். வண்டி இல்லை. அசையவில்லை. என் ஜன்னலையே பார்க்கிறார். என் முகம் தெரிந்ததும் லேசாகத் தலையை ஆட்டினார். நான் சாந்தாவைக் கூப்பிட்டுத் திரும்புவதற்குள் மரத்தடி காலியாக இருந்தது.

மறுநாளும் நாலு மணிக்கு வந்தார். அதற்கு மறுநாளும். என் இருதயம் டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு அவருடைய நேரத்துக்கு அடிக்க ஆரம்பித்தது. மூன்றரைக்கே எனக்கு உள்ளங்கை சில்லிட்டுவிடும். நான்காம் நாள் தைரியம் வரவழைத்துக்கொண்டு, முதலில் அவருக்குக் கால் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஆனால் செருப்பு இல்லை. முழங்கால்வரை புழுதி அப்பி, வெளுத்துப்போய் இருந்தது.

"செருப்பு போடாம நிக்கறாருங்க. எழவு வூட்டுக்கு வந்தா மாதிரி" என்றாள் சாந்தா. சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். பூசணிக்காய் கட்டினாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். பதினோரு நாள் அவர் வந்து நின்றார். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. பூசணிக்காய் ஜெயித்துவிட்டது என்று முடிவு செய்தோம்.

உடம்பு தேறியதும் நான் செய்த முதல் காரியம், இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், 'எமனின் முன்பதிவு அலுவலகம்' என்று அவரைப் பற்றி எழுதியது. உங்களில் பலர் படித்துச் சிரித்தீர்கள். அவர் நின்று பார்த்த வீட்டில் ஒரு வாரத்துக்குள் சங்கு ஊதும் என்று அதில் எழுதியிருந்தேன். பொய். சிரிப்புக்காகச் சேர்த்தது. அந்த ஒரு பத்தியை மட்டும் யாரோ படம் பிடித்து ஊர் வாட்ஸப்பில் விட, அது வேதவாக்காகிவிட்டது. எழுதிய நானே சாகவில்லையே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவர் மொபெட் வருகிற சத்தம் கேட்டால் கதவுகள் வரிசையாகச் சாத்தின. இரண்டு மாதத்தில் கடை பூட்டிக்கிடந்தது. சொல்லிக்கொள்ளாமல் போகிற மனிதர், ஊரை விட்டும் அப்படியே போய்விட்டார்.

மூன்று வருஷமாக அதைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. போன மாதம் ஆசிரியர் ஃபோன் செய்து, "நீங்க எழுதின ஆளுங்கல்லாம் இப்ப எப்படி இருக்காங்கன்னு ஒரு நடை பாத்துட்டு வந்து எழுதுங்க சார்" என்றார். மற்றவர்களைத் தேடுவது சுலபமாகத்தான் இருந்தது. இவர் பெயரைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். நான் எழுதிய எழுத்து ஒரு மனிதரை என்ன செய்தது என்று போய்ப் பார்க்க எனக்குப் பயம். ஐஸ்பெட்டிக்குப் பயந்ததைவிட இது ஜாஸ்தி.

அவருடைய கடை இருந்த இடத்தில் இப்போது பேக்கரி. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு, வெள்ளையாக ஒரு பெரிய கேக்கைப் படுக்க வைத்திருந்தார்கள். அதைப் பார்க்க முடியாமல் பக்கத்து டீக்கடைக்கு வந்து விசாரித்தேன்.

"அவரா? போன ஆடியிலயே பூட்டாரே சார்" என்றார் டீ மாஸ்டர். "கீழ்பென்னாத்தூர்ல. அவுரு பெட்டியிலயே அவர வச்சாங்களாம்."

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும் சொல்றாங்க." டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா போன வாரம் ஒரு ஆட்டோக்காரரு பாத்தேன்றாரு சார். உச்சி வெயில்ல, மலை சுத்துற ரோட்ல, தன்னந்தனியா நடந்து போறாராம். கிட்ட போயி வண்டிய நிறுத்தி திரும்பிப் பாத்தா ஆளைக் காணமாம்."

அந்த டீயைக் குடிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் கீழ்பென்னாத்தூருக்கு ஏறினேன்.

ஊரில் இறங்கிக் கேட்டுக் கேட்டுப் போனேன். கடலைக்கொடி காய்ந்துகொண்டிருந்த ஒரு தெருவின் கடைசியில், கதவு விரியத் திறந்த வீடு. வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு. உள்ளிருந்து பேச்சுச் சத்தம் இல்லை. நான் மறக்க நினைத்த அந்த 'ம்ம்ம்' இரைச்சல் மட்டும் வந்தது. என் செருப்பையும் அந்த வரிசையில் கழற்றி விட்டேன்.

ஹால் நடுவில் பெட்டி. அதைச் சுற்றிப் பெண்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பனி படர்ந்த கண்ணாடிக்குள், நீளமாக, வெள்ளை வேட்டி சுற்றி, தலைமாட்டில் பூ.

ஆடியில் போனவர் எப்படி இன்னும் பெட்டியில் இருப்பார் என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. முறைப்படி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கை கூப்பினேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க. நான் எழுதினது பொய். ஜனங்க சிரிக்கணும்னு எழுதிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பெட்டி மேல் தலையைச் சாய்த்துவிட்டேன். கண்ணாடி, அவர் கை மாதிரியே சில்லென்று இருந்தது.

"சார்" என்று பின்னாலிருந்து ரொம்ப மெதுவாக ஒரு குரல். "அது மல்லி சார்."

திரும்பினேன். வாசற்படியில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. இந்த முறையும் முதலில் காலைத்தான் பார்த்தேன். செருப்பு இல்லை. புழுதி.

பயத்தில் உட்கார்ந்துவிட்ட எனக்குத் தண்ணீர் கொடுத்து அவர்கள் விளக்கியது இவ்வளவுதான். சாவுக்குப் பெட்டி கேட்டு யாரும் வராமல் போனதால், சுற்று வட்டாரத்துக் கொல்லைகளில் பறிக்கிற மல்லியை வாங்கி, ஈர வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, காலை வண்டியில் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார். பெண்கள் கடலை உரிக்க வந்தவர்கள். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தால் கொஞ்சம் குளுமை. கண்ணைத் துடைத்தவளுக்குக் கடலைத் தூசி.

"கல்யாண மாலைக்கெல்லாம் இதான் சார் போவுது" என்றார் ஐஸ்பெட்டி. "தயவு பண்ணி எழுதிடாதீங்க." (பிறகு அவரே சரி என்று சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.)

அப்போதுதான் அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஓஹோ, நீங்கதானா அந்த சாரு?" என்று முறத்தைக் கீழே வைத்தார். "பதினோரு நாளு, அக்னி வெயில்ல, செருப்பு இல்லாம மலை சுத்துனாரு இந்த மனுஷன். எதுக்கு? ஒரு சாரு நெஞ்சுவலியில படுத்துகினு கீறாரு, அவுரு எழுந்து நடமாடணும்னு வேண்டிகினாரு. ஒவ்வொரு சுத்தும் முடிச்சி, ஜன்னல்ல உங்க மூஞ்சியப் பாத்துட்டுதான் வூட்டுக்கு வந்து பச்சத்தண்ணி குடிப்பாரு. நீங்க இன்னாடான்னா எமனுக்கு ஆளு புடிக்கிறாருன்னு எழுதிட்டீங்க."

"சும்மா இரு" என்றார் அவர். "சாரு உக்காந்து யோசிச்சி ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு. என்னப் பத்தி வேற யாரு எழுதப் போறாங்க?" சுவரைக் காட்டினார். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, லேமினேட் செய்து மாட்டியிருந்தார்.

வெறுங்காலும் புழுதியும் என்றால் கிரிவலம். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். அறுபது வயதான எனக்கும் சாந்தாவுக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வந்ததும் அழுதது மல்லிகைக்காக, இப்போது அவருக்காக அழுதேன்.

"அந்த உச்சி வெயில்லயா நடக்கணும்?" என்றேன்.

"சாயங்காலம் ஜனங்க ஜாஸ்தி சார். என்னப் பாத்தா பயப்படுவாங்க. பன்னெண்டு மணிக்கு யாரும் வரமாட்டாங்க."

"சரி, எனக்காக எதுக்கு?"

இதிலென்ன சந்தேகம் என்பது போல் பார்த்தார். "நீங்கதான சார் என்ன வாங்கன்னு சொன்னீங்க?"

இன்னும் மாசத்துக்கு நாலு சுற்று போகிறாராம். யாருக்காக என்று கேட்டேன். "யாராவது ஒருத்தரு படுத்துகினுதான் சார் இருப்பாங்க" என்றார்.

நான் ஊர் திரும்பிய மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஹாலில் பதினைந்து ஆம்ப் பிளக் வைத்தேன். சாந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நேரே போய் வாசலில் தொங்கிய பழைய எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டாள். போன வெள்ளிக்கிழமை சுற்று முடித்து அவர் வேப்பமரத்தடியில் வந்து நின்றபோது, அவளே கேட்டைத் திறந்து, "அங்கயே ஏண்ணா நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றாள். எதிர் வீட்டில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஹாலில் உட்கார்ந்து காப்பி குடித்தார். பிளக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வச்சிட்டீங்களா சார்! எடம் கரீக்ட்டா கீது. தல தெக்கால வரும்."

சாந்தா தெற்கு எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போது வழக்கம்போல் சத்தமில்லாமல் கேட்டுவரை போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி, "சொல்லிட்டுப் போங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் மலையை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு புதுப் பாஷை பழகுகிறவர் போல, "வரேன் சார்" என்றார்.

"மெதுவா வாங்க" என்றேன். என்றைக்கு வந்தாலும் வருகிறது அவராக இருந்தால் போதும், எனக்குப் பயமில்லை.