இடுப்பு மெலிந்த போல்ட்டு

ஒரு காட்டில் ஒரு கதவு இருந்தது. காட்டுக்கு எதற்குக் கதவு என்று கேட்காதீர்கள். கமிட்டி என்று ஒன்று இருந்தால் கதவு என்று ஒன்று வந்துதான் தீரும். உள்ளே முயல்களின் கிழங்குத் தோட்டம். வெளியே ஒரு காட்டுப்பன்றி. அது தூரத்திலிருந்து ஓடிவந்து இடிக்கும். கதவைப் பாறையோடு இழுத்துப் பிடித்திருந்த ஒற்றைப் போல்ட்டு, நட்டு ஏறும் திருகுப் பள்ளமான மரை தொடங்கும் இடத்தில் பட்டென்று அறுந்துவிடும்.

காவல்காரக் கரடி மாடப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னொரு தடவை அறுந்தா உன் தேன்மரம் முயலுங்களுக்கு" என்று சொல்லிவிட்டார் தலைவர் யானையார். அவனுக்குச் சொத்தென்று இருந்ததே அந்த மரம்தான்.

"போல்ட்டு தடியா இருக்கணும்" என்றார் யானையார். அவருக்கு எதுவுமே தடியாக இருந்தால்தான் திருப்தி. ஆனால் சிக்கனம் கருதி நட்டு பழையதே. ஆக உடம்பு மட்டும் பெருத்தது, மரை பழைய அளவிலேயே நின்றது. அதுவும் அதே இடத்தில் அறுந்தது. யோசனை யானையாருடையது என்பதால் அந்த முறை தேன்மரம் தப்பியது.

"இன்னும் தடி!" என்று உத்தரவு.

இந்த முறை கான்ட்ராக்ட் நரி கொண்டுவந்த போல்ட்டைப் பார்த்து மாடப்பன் திகைத்தான். தலை இருந்தது, மரை இருந்தது. நடு உடம்பு மரையின் பள்ளம் அளவுக்குக் கடைந்தெடுக்கப்பட்டிருந்தது.

"என்னய்யா, இடுப்பைக் காணோம்?"

"சத்தம் போடாதீங்க மாமா. ஓட்டைக்குள்ள போறதை எவன் பாக்கப் போறான்?"

"மீதி இரும்பு?"

"வீட்டு ஜன்னலுக்குக் கிரில் அடிச்சேன்."

போல்ட்டை மாட்டிவிட்டு நரி நழுவியது. மாடப்பன் புகார் சொல்ல யானையாரைக் கையோடு அழைத்துவந்தான். வாயைத் திறப்பதற்குள் பன்றி வந்துவிட்டது.

தடால்!

மாடப்பன் கண்ணை மூடிக்கொண்டான். போல்ட்டு முனகியது. அறுபடவில்லை. பன்றிதான் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

கதவு மூலையில் குடியிருந்த சிலந்தி மாடப்பனுக்கு மட்டும் கேட்கும்படி சிரித்தது. "தடி உடம்பு நீண்டு கொடுக்காதுடா, இழுப்பெல்லாம் மரை மேலயே விழும். இது உடம்பு முழுக்க மெலிசு. முழு நீளமும் கொஞ்சம் கொஞ்சம் இழுபட்டு அடியை வாங்கிக்கிச்சு. என் நூல் பின்ன எப்படித் தாங்குதாம்?"

"ஏதோ சொல்ல வந்தியே?" என்றார் யானையார்.

மாடப்பன் தேன்மரத்தை ஒருமுறை பார்த்தான். "நல்ல போல்ட்டுங்க" என்றான்.

நரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டம் கைதட்டும்போது மாடப்பன் நரியின் காதோரம் குனிந்தான்: "மாப்ளே, அடுத்த போல்ட்டுல மிச்சமாகுற இரும்புல என் தேன்மரத்துக்கும் ஒரு கிரில்..."

நீதி: திருடுவதானால் இடுப்பில் திருடு, மரையில் மட்டும் கைவைக்காதே.