பொண்ணு வண்டிக்கு அப்டேட் போட்டேன்

கொழுந்தியா கல்யாணத்துல எனக்குக் குடுத்த வேலை ஒன்னே ஒன்னுதான். பொண்ண என் கார்ல ஏத்தி, கோயில்ல கொண்டு போய் இறக்கணும்.

அவ்வளவுதான். சமைக்கச் சொல்லல, பந்தி பரிமாறச் சொல்லல. ஒரே ஒரு ட்ரிப். இதுல என்ன சொதப்ப முடியும்னு நீங்க கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

இது ஏற்கனவே ரெண்டு தடவ தள்ளிப்போன கல்யாணம். ஒரு தடவ மாப்புள்ள வீட்டுல ஒரு சாவு. இன்னொரு தடவ மண்சரிவுல ரோடே இல்ல. அதனால இந்தத் தடவ பத்தரைக்குள்ள தாலி ஏறியே ஆகணும், முகூர்த்தம் தப்பக்கூடாதுன்னு மாமனார் ஒத்தக் கால்ல நின்னாரு.

இப்ப கார் கதைக்கு வர்றேன். என்னுது எலக்ட்ரிக் கார்.

கொட்டகலையில ஃபோன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். யாரு என்ன ஃபோன கொண்டு வந்தாலும் "அப்டேட் போட்டா சரியாயிடும்"னு சொல்லி அனுப்புற ஆளு நான். அப்படிப்பட்டவன் கார் வாங்கினா, ஃபோன் மாதிரியே அப்டேட் வர்ற காரத்தானே வாங்குவான்!

நல்ல கார்தான். ஒரே ஒரு குறை. இறக்கத்துல போகும்போது, இருக்கிற சார்ஜுல யாழ்ப்பாணம் வரைக்கும் போலாம்னு காட்டும். ஏத்தத்துல ஏறுனா, அடுத்த வளைவுல ஓரமா நிறுத்துங்கிற மாதிரி காட்டும். எங்க ஊர்ல ஏத்தம், இறக்கம் தவிர வேற ரோடே கெடையாது. அதனால ஒரு நாளைக்கு நாலு தடவ சந்தோசம், நாலு தடவ நெஞ்சுவலி.

அந்தக் கணக்க சரி பண்ற அப்டேட் வந்துருச்சுன்னு கார்க்காரங்க குரூப்ல பேச்சு. எனக்கு வரல.

நுவரெலியாவுல இருக்கிற சகலைக்கு வந்துருச்சு! அதே கார், அதே கலர். "உங்களுக்கு இன்னும் வரலையா சகலை?"ன்னு ஒரு மெசேஜ். பின்னாலயே ஒரு சிரிப்பு பொம்மை. மெசேஜக் கூட மன்னிச்சிருவேன். அந்தப் பொம்மையத்தான் தாங்க முடியல.

"சீக்கிரமா வர என்ன பண்ணணும்?"னு குரூப்ல கேட்டேன். செட்டிங்ல 'முன்கூட்டியே வேணும்'ங்கிறத ஆன் பண்ணுன்னான் ஒருத்தன். நல்ல வைஃபைல போட்டு நிறுத்துன்னான் இன்னொருத்தன். செக் பண்ற பட்டன அமுக்கிக்கிட்டே இருன்னாரு ஒரு பெரியவரு.

நான் அமுக்குனேன். காலையில பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி கார்ல போய் உக்காந்து அமுக்குவேன். என் பொண்டாட்டி சுகந்தி ஒரு நாள் ஜன்னல்ல இருந்து பாத்துட்டு, "சாமி ரூம்ல கூட நீங்க இவ்வளவு நேரம் உக்காந்ததில்ல"ன்னா.

வைஃபைதான் பிரச்சினை. கடையில வைஃபை இருக்கு, கார் நிறுத்த இடமில்ல. வீட்டுல கார் நிறுத்த இடமிருக்கு, சிக்னல் இல்ல.

மாமனார் வீடு அதுக்கும் மேல. றொசல்லையில இருந்து உள்ள போகணும், தேயிலைத் தோட்டத்து லயம், வரிசை வீடு. அங்க ஒரு ஃபோன் பேசணும்னாலே கொய்யா மரத்துக்கிட்ட போய் நிக்கணும். ஆனா கல்யாணத்தன்னைக்கு அதிசயம் நடந்துச்சு. மச்சினன் ரமேஷ் கத்தார்ல இருக்கான், லீவு கெடைக்கல. தங்கச்சி கல்யாணத்த அவன் லைவ்ல பாக்கணும்னு, வீடியோக்காரங்க கூரையில பெரிய அன்டனா ஒன்ன கட்டி வைஃபை விட்டாங்க.

நான் என்ன பண்ணிருக்கணும்? பூ மாலைய கார் முன்னால கட்டிட்டு சும்மா நின்னுருக்கணும்.

நான் பாஸ்வேர்ட் கேட்டேன்.

வீடியோக்காரன் குடுத்தான். கார்ல போட்டேன். அமுக்குனேன். வந்துருச்சு! இத்தன நாளா வராத அப்டேட், விறுவிறுன்னு இறங்க ஆரம்பிச்சுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

கார் நின்னது கொய்யா மரத்தடி. கொஞ்ச நேரத்துல கத்தார்ல இருந்து கோல்.

"மச்சான், லைவ் நின்னுருச்சு. ரொம்ப நேரமா தங்கச்சி கண்ண மூடிக்கிட்டே இருக்கா. என்ன ஆச்சு?"

"சிக்னல் மச்சான். இங்க மழை மூட்டமா இருக்கு."

"படத்துல வெயில் அடிக்குதே!"

"அது பழைய வெயில் மச்சான்."

ஃபோன வச்சேன். ஸ்கிரீன்ல டவுன்லோட் முடிஞ்சு, இப்பவே போடவான்னு கேக்குது. கீழ சின்ன எழுத்துல, நாப்பது நிமிசம் ஆகும், அதுவரைக்கும் வண்டிய ஓட்ட முடியாது.

மணி எட்டு இருபது. பொண்ணு எட்டரைக்குக் கிளம்பணும்னு பேச்சு.

இங்கதான் என் மூளை வேலை செஞ்சுச்சு. நம்ம ஆளுங்க எட்டரைன்னா ஒன்பதேகால். இன்னும் பொண்ணுக்கு பூ வைக்கல. சித்திக்கு சேலை கட்டியாகல. யாராவது சீர்த்தட்ட வீட்டுக்குள்ள மறந்து வச்சிருப்பாங்க. ஃபோட்டோக்காரன் இன்னும் கொறஞ்சது ஐம்பது படமாவது எடுப்பான். நாப்பது நிமிசம் என்ன, படுத்துத் தூங்கி எந்திரிக்கலாம்!

அமுக்குனேன்.

கார் சைடு கண்ணாடி ரெண்டையும் மடக்குச்சு. லைட்டெல்லாம் அணைஞ்சுச்சு. ஸ்கிரீன்ல ஒரு வட்டம் மட்டும் சுத்துது. ஒரு சதவீதம்.

அப்பத்தான் வாசல்ல இருந்து விசில் சத்தம்.

ஒரு விசயத்த நான் கணக்குல எடுக்கல. மாமனார் ரிட்டயர் ஆன கங்காணி. வாழ்நாள் பூரா விடியக்காலையில பெரட்டுக்களத்துல நின்னு, ஆளுங்கள மலை மலையா பிரிச்சு வேலைக்கு அனுப்புன மனுசன். பெரட்டுக்கு ஒரு நிமிசம் பிந்துனாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவாராம். அன்னைக்கு கல்யாண வீட்டையே பெரட்டுக்களமாக்கிட்டாரு.

"தட்டு தூக்குறவங்க முன்னால! பொம்பளைங்க ரெண்டாவது வேன்! சித்தி, சேலைய வேன்ல ஏறி கட்டிக்க! ஃபோட்டோ போதும்யா, அந்தப் பொட்டிய மூடு!"

ஒருத்தர் கூட எதுத்துப் பேசல. மலையகத்துலயே மொதல் தடவையா ஒரு கல்யாண வீடு சொன்ன நேரத்துக்கு முன்னாடியே கிளம்புச்சு.

பொண்ணு சர்மிளா வந்தா. சூடம் காட்டுனாங்க. தேங்கா ஒடைச்சாங்க. நாலு டயருக்கும் அடியில எலுமிச்சம்பழம் வச்சாங்க. பின் சீட்டுல பொண்ணு ஏறி உக்காந்தா, பக்கத்துல சுகந்தி. குலவை சத்தம் காதப் பொளக்குது.

"எடுங்க மாப்ள!"ன்னாரு மாமா.

நான் சிரிச்சேன்.

"எடுங்க மாப்ள."

"ரெண்டே ரெண்டு நிமிசம் மாமா... கார் கொஞ்சம்... அப்டேட் ஆகுது."

"என்ன ஆகுது?"

ஸ்கிரீன்ல ஒன்பது சதவீதம்.

இங்க ஒரு வழக்கத்த சொல்லணும். எங்க மாமியார் வீட்டுல, தேங்கா ஒடைச்சு பொண்ணு வண்டியில ஏறிட்டா, அப்புறம் அவ கால் கோயில் வாசல்லதான் தரையில படணும். நடுவுல இறங்கக்கூடாது. ரெண்டு தடவ நின்ன கல்யாணத்துல இத மீறச் சொல்ல யாருக்கும் தைரியமில்ல.

வேற வண்டியில மாத்தலாம்னா, ரோடு ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் தேயிலை சரிவு. பொண்ணு வண்டிதான் முன்னால போகணும்னு என் கார மொதல்ல நிறுத்திருந்தாங்க. பின்னால வந்த வேன் ரெண்டும் அப்படியே மாட்டிக்கிச்சு.

ஊரே கார சுத்தி கூடிருச்சு. ஆளுக்கொரு யோசனை.

"ஜம்பர் வயர் கொண்டாரவா?"

"நியூட்ரல்ல போடுங்க, தள்ளிருவோம்!"

ஏழு பேர் தள்ளுனாங்க. பிரேக் தானா பூட்டிக்கிச்சு, கார் அசையல. வேட்டி மட்டும் ரெண்டு பேருக்கு அவுந்துச்சு.

மாமா என்னையே பாத்தாரு. "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க மாப்ள. கடையில எல்லாருக்கும் அதத்தானே சொல்லுவீங்க?"

"இத ஆஃப் பண்ண முடியாது மாமா."

"ஏன்?"

"ஏற்கனவே ஆஃப்லதான் இருக்கு."

பின் சீட்டுல இருந்து சர்மிளா கேட்டா. "மச்சான், உண்மைய சொல்லுங்க. இது எப்ப போகும்?"

"நாப்பது நிமிசம்மா."

"அப்ப ஏன் அதுல அறுபத்தஞ்சு நிமிசம்னு போட்டிருக்கு?"

திரும்பிப் பாத்தேன். ஆமா, கூடிருச்சு.

கோயிலுக்கு இங்க இருந்து முக்கால் மணி நேரம். சர்மிளா அழல. ஆனா கண்ணு மட்டும் நெறஞ்சு நின்னுச்சு. ஒரு சிரிப்பு பொம்மைக்காக ஒரு பொண்ணு கல்யாணத்தையே நிறுத்திட்டேனே! சுகந்தி மொகத்த ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டா. அவ அப்படித் திரும்பினா என்ன அர்த்தம்னு எங்க வீட்டுப் பூனைக்குக் கூடத் தெரியும்.

அந்த நேரம் பாத்து முன்னால ஹோர்ன் சத்தம். மேல மலையில தேயிலைக் கொழுந்து ஏத்தப் போக, ஃபேக்டரியில இருந்து காலி லொறி வருது. டிரைவர் சுனில் அய்யா கீழ இறங்கி வந்தாரு.

"அய்யே, பொட்டக் இன்ன"ன்னு சிங்களத்துல கெஞ்சுனேன், கொஞ்சம் பொறுங்கன்னு.

அவரு மாலை போட்ட கார ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. "என்ன மல்லி, கார் படுத்தாச்சா?"ன்னாரு. மல்லின்னா தம்பி.

நான் பதில் சொல்றதுக்குள்ள, பின் சீட்டுல இருந்து சத்தம்.

"அப்பா! கால் தரையில பட்டாத்தானே குத்தம்?"

"ஆமாம்மா."

"அப்ப அந்த லொறிய திருப்பி, பின்பக்கமா இங்க கொண்டாரச் சொல்லுங்க. பந்தியில உக்கார்ற வாங்கு பெஞ்சு ரெண்டு எடுத்துப் போடுங்க. நான் அது மேல நடந்து ஏறிக்கிறேன்."

மாமா யோசிச்சாரு. அப்புறம் விசில எடுத்து ஊதுனாரு!

"வாங்கு கொண்டா! பாய் கொண்டா! தோட்டத்துப் பெரிய துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்!"

சுனில் அய்யா கீழ வளைவுல லொறிய திருப்பி, ரிவர்ஸ்லயே வந்தாரு. சாப்பாட்டுக்குப் போட்டிருந்த வாங்கு ரெண்டு, அதுக்கு மேல ஒரு மேசை, மேல பாய். கொழுந்து பறிக்கிற அக்காமாரு ரெண்டு பக்கமும் கை புடிச்சாங்க. சர்மிளா பட்டுச்சேலைய தூக்கிப் புடிச்சுக்கிட்டு, என் கார் கதவுல இருந்து லொறிக்குள்ள ராணி மாதிரி நடந்து போனா. உள்ள ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கதிரை. உக்காந்தா.

அத்தோட விட்டாங்களா? என் கார்ல இருந்த மாலைய கழட்டி லொறிக்கு கட்டுனாங்க. ஒருத்தர் என் டயருக்கு அடியில படுத்து எலுமிச்சம்பழத்த கூட எடுத்துட்டாரு. லொறிக்கு ஆறு டயரு, பழம் நாலுதான். முன்னால ரெண்டு, பின்னால ரெண்டுன்னு சமாளிச்சாங்க. சுகந்தியும் ஏறிட்டா, திரும்பிப் பாக்கல. தப்பு மேளம் அடிக்கிறவங்க ஏறுனாங்க. லொறி பழத்த நசுக்கிக்கிட்டு கிளம்புச்சு.

லொறியில எடமில்லாதவங்க பஸ் புடிக்க மெயின் ரோட்டுக்கு நடந்தாங்க. ஒவ்வொருத்தரா என் கார் கண்ணாடிக்குள்ள எட்டிப் பாத்துட்டுத்தான் போனாங்க, எழவு வீட்டுல மொகம் பாக்குற மாதிரி.

மறுபடியும் கத்தார்.

"மச்சான், இப்ப படம் சூப்பர் கிளியர்!"

"சந்தோசம் மச்சான்."

"தங்கச்சி ஏன் லொறியில போறா?"

சிக்னல் இல்லாத மாதிரி கட் பண்ணிட்டேன்.

நூறு சதவீதம் ஆனப்ப மணி ஒன்பதரை. கார் கண்ணாடிய விரிச்சு, பாட்டோட முழிச்சுச்சு. என்ன புதுசுன்னு ஆசையா தட்டிப் பாத்தேன். "சில சிறிய குறைகள் சரிசெய்யப்பட்டன"ன்னு ஒரு வரி. எந்தக் குறைன்னு சொல்லல. முதல் ஏத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு, என் குறை அதுல இல்ல.

கோயில் வாசல்ல செருப்ப கழட்டும்போது உள்ள கெட்டிமேளம். கோயில் கம்பித் தடுப்புக்கு வெளிய நின்னுதான் பாத்தேன். பத்தரைக்கு முன்னாடியே தாலி ஏறிருச்சு. சர்மிளா மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு மூட்டை இறங்குன மாதிரி இருந்துச்சு. நான் அழுதுட்டேன், இத ஒத்துக்குறதுல வெக்கமில்ல.

மாப்புள்ள வீட்டுக்காரங்க ஒரே பாராட்டு. "பொண்ண கொழுந்து லொறியில கொண்டு வந்தீங்க பாருங்க, இந்த மாதிரி நாங்க எங்கயுமே பாத்ததில்ல! யாரு ஐடியா?"

மாமா என்னப் பாத்தாரு. "எல்லாம் நம்ம மூத்த மாப்புள்ள ஏற்பாடு"ன்னாரு. அடிச்சிருந்தாக் கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

சாப்பாடு முடிஞ்சு பொண்ணும் மாப்புள்ளையும் கிளம்புற நேரம். இந்தத் தடவையாவது மானத்த காப்பாத்தணும்னு, கார தொடைச்சு, வாசலுக்கு நேரா கொண்டு வந்து, கதவ தொறந்து புடிச்சுக்கிட்டு நின்னேன்.

சர்மிளா கார மேலயும் கீழயும் பாத்தா. அப்புறம் ரொம்ப மரியாதையா கேட்டா:

"மச்சான், லொறி போயிருச்சா?"