பன்னி டிரைவர் மார்க் போட்ட வேலி

மலாயாவிலேயே வேலியைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள ஒரே மனிதர் எங்கள் பன்னி டிரைவர்தான். மற்றவன் எல்லாம் சும்மா கம்பி கட்டுகிறவன்.

கோலா பிலா பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் லோரி ஓட்டினார். வெளியூருக்கு லோடு போனால் மற்ற டிரைவர்கள் படத்துக்குப் போவார்கள். இவர் மிருகக்காட்சி சாலைக்குப் போய்ப் பன்றி அடைக்கிற இடத்தைப் பார்ப்பார். எல்லாம் அவர் வளர்த்த தாடிப்பன்றிக்காக. காட்டோரம் குட்டியாகக் கிடைத்தது. வளர வளர மூஞ்சியைச் சுற்றி வெளுத்த தாடி. அச்சு அசல் எங்கள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி! பெயரும் 'கிராணி' என்றே வைத்துவிட்டார். அசல் கிராணி அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை.

ஊர் திரும்பியதும் பார்த்த இடத்துக்கெல்லாம் மார்க் போடுவார்.

"ஒரு எடத்துல தரை பூரா சிமிண்டுலா. பன்னி எங்க போயி மண்ணு கிண்டும்? பெயில்! இன்னொரு எடத்துல சேறு ஜோரு, ஆனா நெழலு இல்ல. பாதி மார்க்கு."

அப்போதுதான் அவசரகாலம் வந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி அடித்தார்கள். ஒரு துண்டு மரவள்ளியைக்கூட கேட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கிராணியின் கொட்டடியோ வேலிக்கு வெளியே. அது பட்டினி கிடந்து சாகுமே என்று டிரைவருக்குச் சோறே இறங்கவில்லை.

வேலியைப் பார்வையிட வெள்ளைக்கார அதிகாரி வந்தார். சிரம்பானில் படித்துக் கிழித்துவிட்டு லீவுக்கு வந்திருந்த என்னை மொழிபெயர்க்கப் பிடித்துப் போட்டார்கள். டிரைவர் வேலியோரமாக நடந்தார், குனிந்தார், கம்பிக்கடியில் மண்ணை நோண்டினார்.

"தம்பி, தொரைகிட்ட சொல்லு. நெழலு பத்தாது. தண்ணிக்கு ஒரே பைப்பு. கம்பி மண்ணுக்குள்ள எறங்கவே இல்ல. இதுல பன்னிய வெக்க முடியாது."

சொன்னேன். துரை முகம் சிவந்துவிட்டது.

"அண்ணே, இது பன்னிக்கு இல்லையாம். மனுசங்களுக்காம்."

"ஓ, ஆளுங்களுக்கா? அப்ப இது போதும்லா!"

அதையும் சொல்லித் தொலைத்தேன். துரை அந்த ஒற்றைப் பைப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு பைப்புக்கு உத்தரவு போட்டார். டிரைவர் கெஞ்சியும் பன்றியை உள்ளே விட மட்டும் ஒப்பவில்லை.

அன்று கேட் பூட்டும் முன் டிரைவர் கொட்டடியைத் திறந்துவிட்டார்.

"போடா கிராணி, காட்டுக்குப் போயி பொழச்சுக்க."

திரும்பிப் பார்க்காமல் வந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.

விடிந்ததும் தோட்டமே அமளிதுமளி. கம்பிக்கடியில் பெரிய பள்ளம்! எவனோ நுழைந்துவிட்டான் என்று போலீஸ் வீடு வீடாகத் தேடியது. டிரைவர் வீட்டில் ஆள் அகப்பட்டான். தாடியெல்லாம் சேறு, அவர் பாயிலேயே குறட்டை.

ஓடி வந்த துரையிடம் டிரைவர் பள்ளத்தைக் காட்டினார். "நான்தான் அப்பவே சொன்னேனே தம்பி, கம்பி ஆழம் பத்தாதுன்னு!"

மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. துரை வாய்விட்டுச் சிரித்தார். கொட்டடி வேலிக்குள்ளே வந்தது.

எப்போதடா வெளியே போவோம் என்று நாங்கள் எல்லாரும் கிடந்த வேலி அது. பன்னி டிரைவர் இருக்கிறார் என்பதற்காக ஒருவன் மண்ணைத் தோண்டி உள்ளே வந்தான். லீவு முடிந்து கேட்டைத் தாண்டியபோது, எனக்கும் கொஞ்சம் தோண்டலாம் போலத்தான் இருந்தது.