கலந்துகொள்ளாமை அதிகாரி

அணு ஆயுதங்களை அடியோடு தடை செய்ய உலக நாடுகள் கூட்டிய மாநாட்டில் கலந்துகொள்வதில்லை என்று அரசாங்கம் முடிவெடுத்தது. சும்மா வீட்டில் உட்கார்ந்து கலந்துகொள்ளாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? நாலு பேர் கண்ணில் பட வேண்டாமா? ஆகவே விமானச் சீட்டு, பயணப்படி, புதுக் கோட்டு சகிதம் ஒரு மூத்த அதிகாரியை அனுப்பி வைத்தார்கள். மண்டப வாசலுக்கு வெளியே, நடைவழியில் நின்று, நாள் முழுக்கக் கலந்துகொள்ளாமல் இருப்பது அவர் பணி.

மனுஷன் சிரத்தையாகத்தான் செய்தார். ஓய்வு பெறக் கொஞ்ச நாள்தான் பாக்கி. ஏதாவது பிசகினால் பென்ஷனில் கைவைத்துவிடுவார்கள். எதிர்ச் சுவரோரம் பரம்பரைப் பகை நாட்டின் அதிகாரி நின்றார். அவரும் கலந்துகொள்ளாமல் இருக்க வந்தவர்தான். இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. காபி மட்டும் ஒரே மெஷினில் பிடித்துக் குடித்தார்கள்.

காபிதான் வினையாயிற்று. நம்மவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. வாசல் காவலாளியிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

"உள்ள, மேடைக்குப் பக்கத்துல சார். வெளியில இருக்கறது ரிப்பேர்."

தெருப் பக்கம் போகலாமென்றால் இடத்தை விட்டு நகர வேண்டும். நகர்ந்தால் அது வெறும் ஆஜராகாமை, கலந்துகொள்ளாமை ஆகாது. துறைச் செயலாளருக்குப் போன் போட்டார்.

"ஐயா, உள்ள ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன்."

"வாசப்படி தாண்டினா மாநாட்டை நாம அங்கீகரிச்ச மாதிரி ஆயிடுமேய்யா."

"கொள்கைக்காகப் போகலைங்க. ஒண்ணுக்குப் போறேன்."

"எதுக்குப் போனாலும் போனதுதான். எதிராளி போயிட்டானா?"

"இல்லைங்க. அவரும் காலைப் பின்னிக்கிட்டுதான் நிக்கறார்."

"அவன் முதல்ல போகட்டும், அப்புறம் நாம பரிசீலிக்கலாம். முந்திக்கிட்டா பலவீனம்னு நினைச்சுடுவான்."

எதிராளியும் தன் போனில் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒருவர் காலை ஒருவர் கண்காணித்தபடி இருவரும் நின்றார்கள். இப்படி நிற்பதால்தான் உலகத்தில் அமைதி நிலவுகிறது என்று நம்மவர் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறார். இன்றைக்குத்தான் அது அடிவயிற்றில் உறைத்தது.

கடைசியில் நம்மவரே வாயைத் திறந்தார். "சார், சேர்ந்தே போயிடலாமா?"

"நான் காலை வெச்சதும் நீங்க நின்னுட்டா?"

"கையைப் பிடிச்சுக்குங்க."

இரண்டு தலைநகரங்களுக்கும் போன் பறந்தது. ஜென்மத்தில் ஒரு வரிக்குக்கூட ஒத்துப்போகாத இரண்டு அரசாங்கங்களும் காபி ஆறுவதற்குள் உடன்பாடு கண்டன. ஒரே சமயத்தில் வலது காலை எடுத்து வைப்பது. போனதையும் வந்ததையும் பரஸ்பரம் சரிபார்ப்பது. மேற்படி நடமாட்டத்தைப் பங்கேற்பாகக் கருதாதிருப்பது. காவலாளி சாட்சி.

இருவரும் கைகோத்து உள்ளே ஓடினார்கள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது, பாவம், விஷயம் தெரியாமல்.

திரும்பும்போது மாநாட்டுத் தலைவி வழிமறித்தார். குட்டித் தீவு ஒன்றிலிருந்து வந்த டாக்டரம்மா. காவலாளி அதற்குள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒருத்தரை ஒருத்தர் சரிபார்த்துக்கிட்டு, சண்டை சச்சரவு இல்லாம முடிச்சிட்டீங்க. குண்டு விஷயத்துல நாங்களும் இதையேதானே கேக்கறோம். அது மட்டும் ஏன் முடியாது?"

நம்மவர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். பென்ஷன் பத்திரம், உடம்பும் லேசாகிவிட்டது. இனி உண்மை பேசுவதில் நஷ்டமில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இது அவசரம். அதை எல்லாரும் பொறுத்துக்கிட்டுத்தானே இருக்காங்க."

யாராவது மறுத்துப் பேசுவார்கள் என்று டாக்டரம்மா மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.