குறுக்குக் காற்று அடித்த பல்

இன்று நாம் பார்க்கப்போகும் பிராணிக்குப் பல்வலி கிடையாது. ஜூலை வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு, கன்னத்தில் ஒரு கை, பேருந்தில் ஏறியதும் யாரையும் கேட்காமல் அடுத்தவர் தலைக்கு மேலே எக்கி ஜன்னலைச் சாத்துகிற அவசரம், இத்தனையும் இருக்கும். பல்வலி மட்டும் இருக்காது. கேட்டால், "காத்து அடிச்சிடுச்சு" என்பார். எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருக்க, நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாராம். பல் என்ன செய்யும், பாவம்? குறுக்குக் காற்றால் வராத வியாதி எங்கள் செர்பியாவில் கிடையாது என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். சொத்தைப் பல்லையும் அந்தக் கணக்கில் சேர்த்தது இந்த இனத்தாரின் தனிப்பெருமை.

வல்யேவோ நகரக் குடிநீர் இலாகாவில் மேற்பார்வையாளராக இருக்கும் மிலிசாவ் இந்த இனத்தின் தலைமகன். எந்த வீட்டிலாவது குழாய் ஒழுகுகிறது என்று தகவல் வந்தால், ஆளோடு போய் இறங்கி, சொட்டும்போதே சொல்லித் தொலைத்தால் என்ன, சுவர் முழுக்க ஊறிய பிறகுதான் எங்கள் நினைப்பு வருமா என்று வீட்டுக்காரரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார். திட்டுவதும் வலது பக்க வாயால் மட்டுமே. இடது பக்கம் காற்று அடித்த பக்கம்.

வைத்தியம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மச்சினன் காய்ச்சிய பிளம் சாராயத்தில் ஒரு வாய் எடுத்து, தலையை இடது பக்கமாகச் சாய்த்து, பல்லின் மேல் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு துப்ப வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் அந்த மச்சினனின் சாராயத்தைக் கண்ணாலும் பார்க்காதவர்கள். விழுங்கிய பிறகு, மருந்து சரியான இடத்தில் பட்டதா என்று சந்தேகம் வரும். சந்தேகம் தீர இன்னொரு வாய். அதற்கும் கேட்காவிட்டால் ஈறில் ஆஸ்பிரினை ஒட்டவைத்துக்கொள்வது. ஈறு வெந்து வெளுத்து, அந்த எரிச்சலில் பல் மறந்துபோகும். குணமாகிவிட்டது என்று அர்த்தம். இந்த ரகசியங்களை அலுவலகத்திலும் ரொட்டிக்கடை வரிசையிலும், ஒருமுறை சாவு வீட்டிலும்கூட, கேட்காதவர்களுக்கெல்லாம் அவர் வாரி வழங்கியிருக்கிறார். பல் தேய்க்கும் பிரஷ் இல்லையா என்கிறீர்களா? இருக்கிறது. புத்தம் புதிதாக இருக்கிறது.

போன இலையுதிர்காலத்தில், மனைவி ஸ்தமேனா அவரை இழுக்காத குறையாகப் பக்கத்துத் தெரு பல் டாக்டர் விதோசாவாவிடம் கொண்டுபோய் உட்கார வைத்தாள். விதோசாவா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"மாமா, நீங்க மென்னு சாப்பிடறதே இந்த ஒரு கடைவாய்ப் பல்லாலதான். வலது பக்கம் ஒண்ணும் மிச்சமில்ல. இப்பவே வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சுட்டா நிக்கும். வசந்தகாலம் வரைக்கும் விட்டீங்கன்னா பிடுங்கத்தான் வேணும்."

இந்தப் பல் போனால் ஆட்டுக்குட்டி வறுவல் போச்சு. வருஷம் முழுக்க அவர் காத்திருக்கும் புனித ஜார்ஜ் நாள் விருந்தில், தன் வீட்டு வறுவலைத் தானே வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அடுத்த வாரமே வருவதாகச் சத்தியம் செய்தார். தெருவுக்கு வந்ததும் தைரியம் வந்துவிட்டது. சின்ன வயதில் என் கண்ணெதிரே தெருவில் மண்ணை அள்ளித் தின்ற பெண், அவள் என் வாய்க்குள் கை விடுவதா என்று ஸ்தமேனாவிடம் எகிறினார்.

தள்ளிப்போட விரும்புகிறவனுக்கு எங்கள் நாட்டைப் போலத் தோதான நாடு கிடையாது. முதலில் ஊருக்கெல்லாம் பொதுவான புத்தாண்டு, அப்புறம் ஜனவரி ஏழாம் தேதி எங்கள் கிறிஸ்துமஸ், அது முடிந்த கையோடு பழைய காலண்டர்படி இன்னொரு புத்தாண்டு. நடுநடுவே ஒவ்வொரு நண்பர் வீட்டிலும், வழிவழியாகக் கும்பிடும் குடும்பப் புனிதர் நாள் விருந்து. வீங்கின வாயோடு விருந்துக்குப் போக முடியுமா? பிறகு நோன்பு. எப்படியும் இறைச்சி கிடையாது, பல்லுக்கு என்ன அவசரம்? பிறகு ஈஸ்டர். பிறகு மே மாதம் பிறந்து, மிலிசாவின் சொந்தக் குடும்பப் புனிதர் நாளான புனித ஜார்ஜ் நாளும் வந்தது. கன்னம் ரொட்டி மாவு மாதிரி உப்பியிருந்தது.

விருந்து கொடுக்கிற வீட்டுக்காரர் அன்றைக்கு உட்காரக் கூடாது, நின்றுகொண்டே பரிமாற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மிலிசாவுக்கு அது நல்லதாய்ப் போயிற்று. உட்கார்ந்தால் சாப்பிட வேண்டுமே. வந்தவர்கள் கன்னத்தைப் பார்த்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஆனால் நோய் என்ன என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஜன்னல்கள் அத்தனையும் இறுகச் சாத்தப்பட்டன. மெழுகுவர்த்தி, வறுவல், சாராயம், இருபது பேர் மூச்சு, எல்லாம் சேர்ந்து அறை வெந்தது.

விதோசாவாவும் விருந்துக்கு வந்திருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். எதிரே சமையலறைக் கதவும் திறந்திருந்தது.

இருபது தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. ஒருவர் கைத்துடைப்பானால் கழுத்தை மூடிக்கொண்டார். கவனத்தைத் திருப்ப, மச்சினன் ஒரு விலாத் துண்டை எடுத்து மிலிசாவின் கையில் திணித்து, வீட்டுக்காரர் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே என்றான். எல்லாக் கண்ணும் மிலிசாவின் மேல். தனக்கு ஒன்றுமே இல்லை என்று காட்ட வேண்டாமா? கடித்தார். முறிந்த சத்தம் மேஜையின் கடைசி வரை கேட்டது.

"வாங்க மாமா," என்றாள் விதோசாவா. "கிளினிக் சாவி எங்கிட்டயே இருக்கு."

விருந்தாளிகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று அவர் கண்ணீரோடு முனகினார்.

"ஏ மனுஷா, விருந்தாளிங்களுக்குப் பல்லு இருக்கு. அவங்க சாப்பிட்டுக்குவாங்க. நீ கிளம்பு," என்றாள் ஸ்தமேனா.

பல் வேர்வரைக்கும் பிளந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி, குழந்தை மாதிரி விதோசாவாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடைக்க முடியாதாம்மா?" என்று கேட்டார்.

"அன்னிக்கு முடிஞ்சிருக்கும், மாமா."

அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அந்த ஒரு கணம், வாயைப் பிளந்துகொண்டு கிடந்த மிலிசாவுக்கு உண்மை விளங்கியது. வாயை மூடியதும் மறந்துவிட்டது.

மறுநாள் அலுவலகத்துக்குக் கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தார். கணக்குப் பிரிவு நெவென்காவும் ஒரு வாரமாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள். அன்று சாயங்காலம் விதோசாவாவைப் பார்க்க நேரம் குறித்திருந்தாள். மிலிசாவ் அவள் மேஜையருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா யோசிச்சுப் பாரு, நெவென்கா. ஆறு மாசம் அவகிட்ட போகல, பல்லு இருந்துச்சு. நேத்து ஒரே ஒரு தடவை போனேன். பல்லு எங்க?"

நெவென்கா நன்றாக யோசித்தாள். பிறகு தொலைபேசியை எடுத்து, இன்றைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து உங்கள் நாக்கு ஏன் ஒரே பல்லைத் தேடித் தேடிப் போய்க்கொண்டிருக்கிறது? எந்தப் பல் என்று நான் கேட்கவில்லை. என்றைக்குப் போகப்போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். என்ன, பண்டிகை முடியட்டுமா?