நான் பெருக்கிய தோட்டம்

வியாசர்பாடி

பெங்களூரில் இருக்கும் அன்பு மச்சான் பீம்ராவ் அவர்களுக்கு,

ஜெய்பீம். இங்கே நானும் உங்கள் தங்கை பூவம்மாவும் சௌக்கியம். அங்கே உங்கள் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் எங்கள் பெண் மகிழினி பேச்சை எடுத்தாலே உங்களுக்கு டவர் போய்விடுகிறது.

அவள் வேளாண் காடு வளர்ப்பு படிக்கச் சேர்ந்தபோது, "மரம் நடுறதுக்கு இன்னாத்துக்கு மச்சான் காலேஜி? குழி தோண்டி வெச்சா அதுவா வளந்துனு போவுது" என்றீர்கள். அதற்குப் பதிலை இப்போது கேளுங்கள். மேலே அகத்தி, நடுவில் வாழை, அதன் நிழலில் மஞ்சள், தரையை மூட தட்டைப்பயறு. மரமும் பயிரும் ஒன்றையொன்று தாங்கி ஒரே மண்ணில் பிழைக்க வேண்டும், அதுதான் படிப்பு. எங்கள் பிளாக்குக்குப் பின்னால் எல்லோரும் குப்பை கொட்டிய இடத்தில் அதை அவள் வளர்த்தும் காட்டிவிட்டாள். அதைப் பார்க்க ஜூடி மேடம் என்ற பேராசிரியை வருவதாக இருந்தது. காப்பித் தோட்டத்து மரங்களை ஆராய ஒரே ஒரு மாணவியைக் குடகுக்கு அனுப்புவார்கள். அது யார் என்று அன்றுதான் முடிவாகும்.

பெரிய மனுஷி வருகிறார், இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா? மகிழினி விடுதியில் இருந்ததால் நானே இறங்கினேன். தரையில் கண்டபடி படர்ந்திருந்த கொடியைப் பிடுங்கி, காய்ந்த சருகையெல்லாம் வாரிக் கொளுத்தி, மண் பளிச்சென்று தெரியும்படி பெருக்கி, மந்திரி வந்தால் போடுவார்களே, அந்த மாதிரி ப்ளீச்சிங் பவுடரும் போட்டேன். பாதி இடம் முடிவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நல்லவேளை பிடித்தது.

காலையில் வந்த மகிழினி பார்த்துவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா நைனா பண்ணி வெச்சிக்கீற?"

"கலீஜா கெடந்துச்சும்மா. க்ளீன் பண்ணேன்."

"அது கலீஜு இல்ல நைனா. அதான் என் படிப்பு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடம் வந்ததும் ஓடிப்போய், "நான்தாம்மா கெடுத்தேன், பொண்ணு மேல தப்பு இல்ல" என்றேன். மகிழினி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினாள். மூடியிருந்த பக்கம் மண் குடித்துவிட்டது. நான் பெருக்கிய பக்கம் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போயிற்று. வெப்பமானியைச் செருகினாள், என் பக்கம் கொதித்தது. தோண்டினாள், அவள் பக்கம் மண்புழு நெளிந்தது, என் பக்கம் ஒன்றுமில்லை. பிளாக்கே கூடி நிற்க, "மண்ணு மேல போட்ட துணிய உருவிட்டா இப்டிதான் வாடும்" என்று அவள் நம் பேச்சிலேயே சொன்னபோது, மேடம் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தார். முதலில் கைதட்டியது நான்தான் மச்சான். என்னை மண்ணைக் கவ்வ வைத்த பெண் என் பெண்ணாயிற்றே.

குடகுக்குப் போவது மகிழினிதான். உங்கள் டவர் இப்போது வேலை செய்கிறதா?

இனி அந்தத் தோட்டத்துப் பக்கம் துடைப்பத்தோடு போகமாட்டேன் என்று பூவம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மகிழினியின் தகப்பன்
கோதண்டம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் மகிழினி போன் செய்தாள். ஒருமுறை கெடுத்தால் அது ஆராய்ச்சி ஆகாதாம்; ஒவ்வொரு பருவமும் அதே பாதியை அதே ஆள் அதே மாதிரி கெடுக்க வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டாராம். சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நம் குடும்பத்தில் ஆராய்ச்சி செய்பவர்கள் இப்போது இரண்டு பேர் என்று அங்கே எல்லோரிடமும் சொல்லவும்.